மலை இறக்கத்தில் அக்கா

என் அக்கா சைக்கிள் ஓட்டத் தொடங்கியது ஐம்பதை நெருங்கும் வயதில். முழங்கால் வலிக்கு ஏதாவது உடற்பயிற்சி செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்ல, நடப்பது போர் அடிக்கிறது என்று சைக்கிள் வாங்கினாள். மயிலாப்பூர் வீட்டிலிருந்து கிளம்பி, சாந்தோம் வழியாகக் கடற்கரையைப் பிடித்து, அடையாறு பாலம் தாண்டி என் வீட்டு வாசலில் வந்து மணி அடிப்பாள். முதலில் காபி குடிக்கத்தான் வந்தாள். பிறகு என்னையும் கிளப்பிவிட்டாள். நான் அவளைவிட நாலு வயது சின்னவள், எடையில் அவளைவிடப் பெரியவள். மூச்சு வாங்க அவள் பின்னால் போவதுதான் எங்கள் காலைப்பொழுது.

அவள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள். எண்கள் அவளுக்கு விளையாட்டு. கைக்கடிகாரத்தில் அன்றைய தூரம் அரைகுறையாக நின்றால் வீட்டுக்குப் போக மாட்டாள். பெசன்ட் நகர் தெருக்களில் நாயைப் பார்க்கிற மாதிரியும் கோலத்தைப் பார்க்கிற மாதிரியும் இன்னொரு சுற்று சுற்றி, முழு எண் வந்த பிறகுதான் காலை ஊன்றுவாள். நான் கேலி செய்வேன். "இன்னும் கொஞ்சத்துல முழுசா ஆறதே, அதை ஏன் பாதியில விடணும்?" என்பாள்.

ஜவ்வாது மலையைச் சுற்றி வர வேண்டும் என்பது அவள் போட்ட திட்டம். வேலூர்ப் பக்கத்து அடிவாரத்தில் ஏறி, காட்டு வழியாக ஜமுனாமரத்தூர் போய், போளூர் பக்கம் இறங்கி, சமவெளி வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவது. ஒரு பகலில் முடிக்கலாம், ஆனால் முதுகை ஒடிக்கும் என்று ஏற்கெனவே போனவர்கள் சொன்னார்கள். வெகுநாள் அது பேச்சாகவே இருந்தது.

இதற்கிடையில் அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவளிடம் ஏதோ மங்கியது. குடும்பத்தில் சாவு இல்லை, சண்டை இல்லை. அவள் பையன் வெளிநாட்டில் நன்றாக இருந்தான். அவள் கணவர், என் அத்திம்பேர், தணிக்கையாளர், அதிர்ந்து பேசாத மனிதர். அப்படி இருந்தும் அக்கா மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டே போனாள். மார்கழி முழுக்க வீட்டுக்குப் பக்கத்திலேயே கச்சேரி. ஒன்றுக்குக்கூட அவள் போகவில்லை. கேட்டால் கூட்டம் என்றாள். காலையில் சைக்கிளில் வருவாள், ஆனால் பேச்சு இல்லை. தூக்கம் வரவில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். வயசு, உடம்பு மாறுகிற காலம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற எல்லாருக்கும் கொஞ்ச நாள் இப்படித்தான் என்று அத்திம்பேர் எடுத்துக்கொண்டார். "என்னடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். "ஒண்ணுமில்லை."

மலைக்குப் போனால் தெளிவாள் என்று தை மாதத்தில் அந்தப் பழைய திட்டத்தை நான்தான் எடுத்தேன். உடனே சரி என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்களுக்கு வழக்கமாகக் கார் ஓட்டுகிற டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டோம். எங்கள் வயதுக்காரர். முன்பு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடியிருந்தவர், இப்போது பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறார். அக்காவைப் பெரிய மேடம் என்றும் என்னைச் சின்ன மேடம் என்றும் கூப்பிடுவார். சைக்கிள்களை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முந்தின நாளே போய், அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம்.

விடிந்ததும் புறப்பட்டோம். ஏற்றம் சட்டென்று ஆரம்பித்துவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் மூங்கில். பனி இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கடைசி கியருக்கு வந்த பிறகும் மேடு விடவில்லை. மிதிக்கும் வேகத்துக்கு நடந்தே போயிருக்கலாம். புளிக்கூடையோடு இறங்கி வந்த ஒரு மலைக்காரப் பெண், என்னையும் பின்னால் வெறுமனே ஊர்ந்து வந்த வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டி கெட்டுப்போச்சா என்று கேட்டாள். இல்லை, ஆசைக்கு மிதிக்கிறோம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டது.

அக்கா முன்னால் போய்விட்டாள். ஏற்றத்தில் அவளோடு யாரும் போட்டி போட முடியாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்காக நிற்பாள் என்பது எங்கள் ஏற்பாடு, அன்றும் நின்றாள். ஆனால் வழக்கமாக மேலிருந்து என்னைப் பார்த்து ஏதாவது கத்துகிறவள், அன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் திரும்பினாள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கேட்டேன்.

"தெரியலை. வாட்சை ஆன் பண்ணலை."

"மறந்துட்டியா?"

"இல்லை. எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவளுக்கும் ஏற்றத்தின் களைப்பு என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

மேலே ஜமுனாமரத்தூரில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். நான் சாப்பிட்டேன். அவள் ஒன்றைப் பிய்த்து வைத்துவிட்டு டீயை மட்டும் குடித்தாள். வெயில் ஏறியிருந்தாலும் காற்று குளிர்ந்தது. இறக்கத்தில் குளிரும் என்று காற்றைத் தடுக்கும் தன் மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். உனக்கு வேண்டாமா என்று கேட்டதற்குத் தோளை மட்டும் குலுக்கினாள்.

இறக்கம் எனக்கு எப்போதும் பயம். நான் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவள். பாதி தூரத்துக்குள் விரல்கள் மரத்துப்போயின. ஓரமாக நிறுத்தி, கையை உதறிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வண்டியை அக்கா பின்னால் போகச் சொன்னேன். அவள் போகும் வேகத்துக்கு அவளுக்குத்தான் துணை தேவை என்று தோன்றியது. வண்டி வளைவில் மறைந்தது. காடு அமைதியானது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல், நீளமாக. மாடு ஏதாவது குறுக்கே வந்திருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வளைவு திரும்பியபோது வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. சாலையோரத்து உண்ணிச்செடிப் புதரில் அக்காவின் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. கீழேயிருந்து டிரைவரின் குரல் கேட்டது. "உசுரு கீது மேடம், பயப்படாதீங்க, மெதுவா எறங்குங்க."

சரிவில் உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு இறங்கினேன். ஒரு மூங்கில் புதர் அவளைத் தாங்கி நிறுத்தியிருந்தது. ஹெல்மெட் ஒரு பக்கம் பிளந்திருந்தது. கை முழுக்கத் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக் பிடிக்கலைடி."

டிரைவர் சாலைக்கு ஏறிப்போய், அந்த வழியாக வந்த பஸ்ஸை நிறுத்த, நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். ஒரு போர்வையை விரித்து, அவளை அதில் கிடத்தி மேலே கொண்டுவந்தார்கள். அடிவாரத்து ஊரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், காறை எலும்பு உடைந்திருந்தது, விலா எலும்பில் கீறல். தலைக்கு ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டு, வலிக்கு ஊசி போட்டு, சென்னைக்கே கூட்டிப்போகலாம் என்றார்கள். அத்திம்பேருக்குப் போன் செய்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு அக்கா சொன்னதையே சொன்னேன். பிரேக் பிடிக்கவில்லையாம்.

ஊசி வேலை செய்யட்டும் என்று காத்திருந்த நேரத்தில் டிரைவர் என்னை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

"சின்ன மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சைக்கிள்ல பிரேக் நல்லாத்தான் கீது. கட்டும்போது அமுக்கிப் பாத்தேன்."

நான் வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த சைக்கிள்களைப் பார்த்தேன்.

"மேல வளைவுல எல்லாம் புடிச்சிக்கினுதான் போனாங்க. நான் பின்னாடியே வந்துக்கினு இருந்தேன். அந்த ஒரு வளைவுலதான் கைய எடுத்துட்டாங்க. ஹாரன் அடிச்சேன் மேடம். திரும்பிக்கூடப் பாக்கல."

வண்டிக்குப் பின்னால் போய், அக்கா சைக்கிளின் பின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பிரேக்கை அமுக்கினேன். சக்கரம் அப்படியே நின்றது. மறுபடி சுழற்றினேன். மறுபடி நின்றது. பிரேக் பிடிக்கலை என்று அவள் சொன்னபோது, பிரேக் வேலை செய்யவில்லை என்று நான் கேட்டுக்கொண்டேன். நான் பிடிக்கவில்லை என்பதற்கும் தமிழில் அதே வார்த்தைகள்தானே. அவள் பொய் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள், என் காதில்தான் விழவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவள் என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். பல மாதமாகத் தூங்காதவள் ஊசி மருந்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்தபடி வந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

மயிலாப்பூர் வீட்டில் தினமும் போய் உட்கார்ந்தேன். கஞ்சி கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அத்திம்பேர் பிரேக் பிடிக்காத கதையைச் சொன்னார். கேட்டவர்கள் இந்த வயதில் இது தேவையா என்பதை விதவிதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. இன்று கேட்கலாம் என்று கிளம்புவேன், மந்தைவெளி வருவதற்குள் நாளைக்குக் கேட்கலாம் என்று ஆகிவிடும்.

ஒரு நாள் அத்திம்பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதை சர்வீஸ் செய்த கடைக்குப் போனார். வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர், அந்தக் கடை மெக்கானிக்கைத் தெருவே பார்க்கும்படி கத்தியிருக்கிறார். மெக்கானிக் பொறுமையாக இரண்டு பிரேக்கையும் கழற்றிக் காட்டி, இதில் ஒரு குறையும் இல்லை சார் என்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து, "அவன் பொய் சொல்ற மாதிரித் தெரியலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் குளிக்கப் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "பிரேக் பிடிக்கலையா? இல்ல, நீ பிடிக்கலையா?"

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாகணும்னு கிளம்பலைடி," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "அந்த வளைவு வந்தது. பிடிக்கணும்னு தெரியறது. கை போகலை. எதுக்குப் பிடிக்கணும்னு இருந்தது."

நான் அவள் முதுகில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. எப்போது இவ்வளவு இளைத்தாள்?

"விழறச்சே பயமா இருந்தது," என்றாள். "எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் எனக்கு ஏதோ ஒண்ணு இருந்ததுன்னா, அந்தப் பயம்தான்." பிறகு என் பக்கம் திரும்ப முயன்று வலியில் முகம் சுளித்தாள். "அவர்கிட்ட சொல்லாதே. தாங்க மாட்டார்."

நீயே சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். டாக்டரிடம் போக வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்குக் கறாராக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நீ உன் ஆத்துக்குப் போ" என்றாள்.

இரண்டு நாள் பொறுத்தேன். அவள் சொல்லவில்லை. லஸ் பக்கத்துப் பூங்காவில் அத்திம்பேர் சாயங்காலம் நடக்கிற நேரம் எனக்குத் தெரியும். அங்கே போய் அவரோடு கொஞ்ச தூரம் நடந்தேன், பிறகு சொன்னேன். டிரைவர் பார்த்ததையும் அக்கா சொன்னதையும், ஒன்றையும் குறைக்காமல். அவர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஆட்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர் முதலில் சொன்னது, "அந்த மெக்கானிக் பையனைப் போய்க் கத்திட்டேனே." அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் அவ பக்கத்துலதானே படுத்துண்டிருக்கேன்," என்றார். "ராத்திரி எத்தனை தரம் புரண்டு படுக்கறான்னுகூட எனக்குத் தெரியும்."

அன்றிரவே அவர் அக்காவிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று என்று சொன்னார். போகும் வழியில் சைக்கிள் கடையில் இறங்கி மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனாராம். அக்கா அவரோடு போனாள். என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குப் போனால் தூங்குவதுபோல் படுத்திருப்பாள். போனை எடுக்க மாட்டாள். சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்காத வீடு தாங்க முடியாததாக இருந்தது. நான் தனியாக ஓட்டவில்லை. சைக்கிளில் தூசி படிந்தது.

முதலில் கொடுத்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல், பகலெல்லாம் தூக்கம். இதற்குப் பழைய நிலையே தேவலை என்று அத்திம்பேர் ஒரு நாள் போனில் உடைந்துபோனார். டாக்டர் மருந்தை மாற்றினார். வாரத்துக்கு ஒரு நாள் மனநல ஆலோசகரான ஒரு அம்மாவிடம் போய்ப் பேசவும் ஏற்பாடு செய்தார். எதுவும் சட்டென்று நடக்கவில்லை. வெயில் காலம் வந்து போனது.

ஒரு முற்பகலில் அக்காவே என்னைப் போனில் கூப்பிட்டாள். முன்னுரை எதுவும் இல்லை.

"உங்க அத்திம்பேர் ஆத்துல இருக்கற கத்தியெல்லாம் எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கார். கேட்டா சாணை பிடிக்கக் குடுத்திருக்காராம். கத்திரிக்காயைக் கையால பிச்சுப் போட்டுக் கறி பண்ணிண்டிருக்கேன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். "உன் மேல கோபம் போகலை," என்றாள் கடைசியில். "ஆனா வா. கத்தி எடுத்துண்டு வா." போனேன். அத்திம்பேர் கண்ணில் படாமல் கைப்பைக்குள் ஒரு சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு போய், அவள் பக்கத்தில் நின்று நானே காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது அதைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

எலும்பு கூடிய பிறகு, சைக்கிள் வேண்டும் என்று அவளே டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் தனியாக வேண்டாம், யாராவது கூடப் போகட்டும் என்றார். முதல் நாள் நான் விடியலில் மயிலாப்பூர் போய் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் பின்னால் ஹாரன் சத்தமாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அத்திம்பேர், தன் பழைய ஸ்கூட்டரில், எங்கள் வேகத்துக்கு ஊர்ந்துகொண்டு. அவருக்குப் பின்னால் பால் வண்டியும் ஒரு ஆட்டோவும் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. அக்கா நின்று, "நீங்க ஆத்துக்குப் போங்கோ" என்றாள். அவர் தலையாட்டினார், ஆனால் போகவில்லை. கடற்கரைச் சாலை வரை அப்படியே வந்தார்.

பாலத்து இறக்கம் வந்தபோது என் கண் அவள் விரல்களிலேயே இருந்தது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "என் கையைப் பாக்காதே, ரோட்டைப் பாரு. நீ விழுந்தா யார் தூக்கறது?" என்றாள். பிடித்துத்தான் இறங்கினாள். ஆனாலும் இன்றுவரை நான் பார்ப்பதை நிறுத்தவில்லை. அவள் போன் எடுக்கத் தாமதமானால் உடனே அத்திம்பேரைக் கூப்பிட்டுவிடுகிறேன். டிரைவர் எப்போது பார்த்தாலும், "மறுபடி மலைக்கு எப்ப மேடம்?" என்று கேட்கிறார். அக்கா போகலாம் என்கிறாள். எனக்குத்தான் இன்னும் அந்தச் சாலையை நினைத்தால் அந்த நீளமான ஹாரன் கேட்கிறது.

இப்போது என் வீடு வரை தனியாக வர டாக்டர் அவளை அனுமதித்திருக்கிறார். போன வாரம் ஒரு காலையில் அவள் என் வாசலுக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். பழைய பதிலுக்குத் தயாராக இருந்தேன்.

"இன்னிக்கு அவ்வளவு நன்னா இல்லை," என்றாள். "ராத்திரி தூங்கலை. எழுந்துக்கவே பிடிக்கலை. அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். சாயங்காலம் டாக்டரைப் பாக்கறதா இருக்கோம்."

திரும்பிப் போய்விடலாமா, உள்ளே வந்து படுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாம். சாந்தோம் வரைக்கும் போலாம். மெதுவாப் போலாம்."

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலைப் பூட்டினேன்.